வினிகரில் போட்ட முத்து

பேசத் தெரியாதவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்துவிட்டால் பாதியில் மூடக் கூடாது. நான் இரண்டு தப்பையும் ஒரே நாளில் செய்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில்.

ஊர் ஆலந்தலை. படிப்பு எட்டு. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போகும் தோணியில் வேலை. நடுக்கடலில் பேச்சு எதற்கு? கயிற்றை இழு என்றால் இழுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கு முன் இரண்டு வீட்டில் பெண் பார்த்தாயிற்று. முதல் வீட்டில், "மாப்பிள்ளைக்குக் காது கேக்குமா?" என்று அக்காவிடம் ரகசியமாகக் கேட்டார்கள். (எனக்குக் கேட்டது.) இரண்டாம் வீட்டில் அதைக்கூடக் கேட்கவில்லை.

மூன்றாவது, தூத்துக்குடியில் ரீத்தா வீடு. போட்டோவைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. வெளியே சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த எடமும் போச்சுன்னா இனி நான் அலைய மாட்டேன். அங்கன போயி நாலு வார்த்த பேசித் தொல."

தோணியில் என்னோடு வேலை பார்க்கும் சகாயத்திடம் சொன்னேன். அவன் செல்போனில் எந்நேரமும் 'உங்களுக்குத் தெரியுமா' வீடியோ பார்ப்பவன்.

"ஏலே, இதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? பேச்சு நின்னா ஒண்ண எடுத்து விடு. விவரமானவம்னு நெனப்பாவ."

பத்து விஷயம் சொல்லிக் கொடுத்தான். மாலத்தீவு போய்த் திரும்பும்வரை மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து நானும் அக்காவும் போனோம். ரீத்தாவின் அப்பா, அம்மா மேரி, அப்பாவின் அக்கா பிலோமி அத்தை. மூவரும் என்னையே பார்த்தார்கள். ரீத்தா காப்பி கொடுத்துவிட்டு அடுக்களை வாசலில் நின்றாள். பேச்சு நின்றது. முதலாவதை எடுத்து விட்டேன்.

"கணவாய்க்கு மூணு இருதயம்."

ரீத்தாவின் அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டார். "எனக்கு ஒண்ணுக்கு மாத்திர வாங்கியே முடியல."

மறுபடி நின்றது.

"சாவி, சன்னல், அலமாரி, மேசை. நாலும் போர்த்துக்கீசியன் சொல்."

பிலோமி அத்தை வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நான்கும் இருந்தன.

"அப்ப இந்த வீட்டுல நம்மளுக்குன்னு என்னதான் இருக்கு?"

"முத்து இருக்குல்லா மைனி," என்றார் ரீத்தாவின் அம்மா.

"கண்ணாடி இருக்குன்னு சொல்லு."

இந்த இடத்தில் அந்த வீட்டுச் சரித்திரம் கொஞ்சம். ரீத்தாவின் பூட்டனார் கடலில் குளித்து எடுத்த முத்து ஒன்று, ரீத்தாவின் அப்பாவுக்கு வந்தது. மூத்தவளான தனக்கு வரவில்லை என்று பிலோமி அத்தைக்கு வருத்தம். அன்றிலிருந்து அது முத்தே இல்லை, கண்ணாடி என்று சொல்லி வந்தார். ரீத்தா கல்யாணத்துக்குப் போட வைத்திருந்த ஒரே பரம்பரைச் சொத்து அது.

அம்மா எழுந்து போய் ஒரு தைல டப்பாவைக் கொண்டு வந்தார். பஞ்சை விலக்கினார். கொண்டைக்கடலை அளவில், பால் நிறத்தில் ஒரு முத்து. உள்ளங்கையில் வைத்து நீட்டினார். எல்லோரும் பேச்சற்றுப் பார்த்தோம்.

பேச்சு நின்றால் ஒன்று எடுத்து விட வேண்டும் அல்லவா?

"முத்து மணலால உண்டாகுததில்ல. சிப்பிக்குள்ள புழு போயிரும். சிப்பி அது மேல பூசிப் பூசி மூடும். முத்துங்கது ஒரு புழுவோட கல்லற."

அக்கா என் காலை மிதித்தாள். அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சரிக்கட்ட வேண்டுமே என்று நான்காவதை எடுத்தேன்.

"எகிப்துல ஒரு ராணி முத்த வினிகர்ல கரச்சிக் குடிச்சாளாம். அசல் முத்துன்னா வினிகர்ல நுரைக்கும். கண்ணாடின்னா சும்மா கெடக்கும்."

அதுவரை என் வாழ்க்கையில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

பிலோமி அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப போட்டுப் பாத்துருவோம்."

"போட்டுப் பாப்போம் மைனி. எனக்கென்ன பயம்?"

"போடுங்க," என்றார் அப்பா. "நான் சாவதுக்குள்ள இந்தச் சண்ட முடியட்டு."

ரீத்தா கண்ணாடித் தம்ளரில் வினிகர் ஊற்றிக் கொண்டு வந்தாள். "மாப்பிள்ளையே போடட்டும்," என்றார் அம்மா. மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார். போட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு முத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி எழுந்தது. சோடாவைப் போல.

அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பிலோமி அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அசல்தாம்ளா மேரி," என்றார், பல் பிடுங்கியவர் போல.

அதன் பிறகு அது திருவிழா. அம்மா சுவருக்கு மேலாகப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டார். அவர்கள் எதிர்வீட்டாரைக் கூப்பிட்டார்கள். மாதா சுரூபத்தின் காலடியில் தம்ளரை வைத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று எங்களை உட்கார வைத்தார்கள். என் இலையில் சீலா மீன் துண்டு மூன்று.

என் இடத்திலிருந்து தம்ளர் நன்றாகத் தெரிந்தது. குமிழி நிற்கவில்லை. முத்தின் பளபளப்பு போய்க்கொண்டிருந்தது. ராணியின் முத்து முழுதாகக் கரைந்தது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் நினைவில் இருந்தது. 'எடுத்துருங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மனப்பாடம் செய்த பத்தில் அது இல்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மீனைத் தின்றேன்.

நாலு மணிக்குக் காப்பி போடும்போதுதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. கரண்டியால் எடுத்தார். பாதிதான் இருந்தது. வெளிறிப்போய், சுண்ணாம்புக் கட்டி போல. அப்பா தன் மாத்திரை டப்பாவைத் திறந்து, அதிலிருந்துதான் ஒன்று விழுந்துவிட்டதோ என்று எண்ணிப் பார்த்தார்.

யாரும் பேசவில்லை. இந்தத் தடவை நானும் எதையும் எடுத்து விடவில்லை. அக்கா வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள்.

பிலோமி அத்தைதான் தொடங்கினார். "விடு மேரி. அசல்ங்கதாலதான கரஞ்சிது? கண்ணாடியா இருந்தா கரையுமா?"

"இத நீங்க அன்னைக்கே ஒத்துக்கிட்டிருந்தா எதுக்கு மைனி வினிகரு?"

அடுக்களை வாசலில் ஒரு சிரிப்புச் சத்தம். ரீத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பொத்தியும் நிற்கவில்லை. அப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. கடைசியில் பிலோமி அத்தையும் சிரித்தார். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

ரீத்தா முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"இந்த மாதிரி இன்னும் எத்தன வச்சிருக்கீங்க?"

"ஆறு."

"அத இங்கன சொல்ல வேண்டாம். கல்யாணத்துக்கு அப்புறம் எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

அக்கா மாட்டிய செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

அம்மா தம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். பிலோமி அத்தை ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

"எங்கன ஊத்தப் போற? முத்து அதுக்குள்ளல்லா இருக்கு."

நியாயம்தான். யாருக்கும் ஊற்ற மனம் வரவில்லை. மிச்சப் பாதியையும் அதிலேயே போட்டுப் பாட்டிலில் அடைத்து வைத்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அந்த வினிகரில் இறால் ஊறுகாய் போட்டார் என் மாமியார். பந்தியில் ஒவ்வொரு இலையிலும் ஒரு துளி வைத்தார்கள். பிலோமி அத்தை இரண்டு முறை கேட்டு வாங்கினார். "எங்க தாத்தா சொத்து. எனக்கும் பங்கு உண்டு," என்றார். அதோடு அந்தச் சண்டை தீர்ந்தது.

மிச்சம் இருந்த ஆறையும் சொல்லி முடித்துவிட்டேன். இப்போது ரீத்தாதான் பேசுகிறாள். நான் கேட்கிறேன்.

போன மாதம் எங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் கொடுத்தார்களாம். உங்கள் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து ஒன்றைப் பற்றி எழுதுக. அவள் ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"ஊறுகாய். எல்லாரும் தின்று முடித்துவிட்டார்கள்."