பன்னிரண்டு செம்பனைகளுக்கு நான் செய்த பூசை

பன்னிரண்டு மரங்களை மலடாக்கியவன் நான். கோடாரியால் வெட்டிச் சாய்த்திருந்தால் அதில் ஒரு வீரமாவது இருந்திருக்கும். நான் காலையில் குளித்துவிட்டு, பக்தியையும் விஞ்ஞானத்தையும் சம அளவில் கலந்து, வாரத்துக்கு மூன்று தடவை போய் மலடாக்கினேன்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் ஈப்போவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு விவசாயக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா இருபது வருஷம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். முதலாளி தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் குடும்பத்தோடு ஈப்போவின் புந்தோங்குக்கு வந்து, லாரிப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். நான் கல்லூரியில் சேர்ந்த வாரமே, முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து, மகன் சின்ன தொரையாகப் போகப்போகிறான் என்று அறிவித்துவிட்டார். சின்ன தொரை என்றால் தோட்டத்தின் உதவி மேலாளர். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, மோட்டார் சைக்கிள். அப்பாவை இருபது வருஷம் விரட்டிய உத்தியோகம் அது. வீட்டுக்குள்ளேயே ஒருவன் அதில் இருப்பது நல்லது என்று நினைத்திருப்பார். வருஷ முடிவில் ஒரு தோட்டக் கம்பெனி கல்லூரிக்கு வந்து அந்த வேலைக்கு ஆள் எடுக்கும். பண்ணைச் செய்முறையில் தேறியவன்தான் நேர்காணலில் உட்காரலாம்.

எங்களுக்கு வந்த செய்முறை, எண்ணெய்ப்பனையான செம்பனைக்கு மகரந்தம் ஊதுவது. இளம் செம்பனையில் ஆண் பூ குறைவு. காற்றை நம்பினால் காய் பிடிக்காது. அதனால் மகரந்தத்தைச் சேகரித்து, உலர்த்தி, முகப்பவுடர் மாதிரியான வெள்ளை மாவோடு கலந்து, ரப்பர் பந்து பொருத்திய குழாயில் போட்டு, மலர்ந்த பெண் பூவின் மேல் மனிதன் போய் ஊதவேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டு மரம், ஒரு மாதம். அடுத்த மாதம் முடியும்போது விரிவுரையாளர் என்சிக் ரஹ்மான் வந்து காய் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்.

ஒரு மாதத்துக்கான கலவையை ஆளுக்கு ஒரு பிலிம் டப்பாவில் கொடுத்தார்கள். போட்டோக் கடையில் சும்மா கிடைக்கும் கறுப்பு டப்பா. வேலை முடிந்ததும் அதை விடுதிச் சமையலறை ஐஸ்பெட்டியில் வைத்துவிட வேண்டும். வெக்கையில் மகரந்தம் செத்துவிடும். அதே வாரம், புந்தோங் கோயிலில் எனக்காக அர்ச்சனை செய்த விபூதியை அம்மா கொடுத்தனுப்பினார். அதுவும் கறுப்பு பிலிம் டப்பாவில். (அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் கேமரா இருந்ததோ இல்லையோ, பிலிம் டப்பாவும் அதில் விபூதியும் இருக்கும்.) மரத்தைத் தொடும் முன்னால் நெற்றியில் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது உத்தரவு.

கல்லூரி டப்பாவில் ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருந்தது. முதல் நாள் மரத்துக்குப் போகும் வழியிலேயே மழை. சட்டைப் பையில் இருந்த இரண்டு டப்பாக்களும் நனைந்து, சீட்டு கூழாகிவிட்டது. ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போய் எது எது என்று கேட்டிருக்கலாம். ஆனால் நான் விஞ்ஞான மாணவன். ஆராய்ந்து முடிவெடுப்பவன். இரண்டையும் திறந்து மோந்து பார்த்தேன்.

ஒன்று சாம்பல் வெள்ளை, வாசனையே இல்லை. இன்னொன்று இளமஞ்சள், கமகமவென்றிருந்தது. கோயில் விபூதியில் வாசனைப் பொடி கலப்பார்கள் என்பது நான் பிறந்ததிலிருந்து அறிந்த உண்மை. மஞ்சளுக்குக் காரணம் சந்தனமாக இருக்கும். ஆக, மணப்பது சாமி, மணக்காதது விஞ்ஞானம். செம்பனைப் பூவுக்குச் சோம்பு வாசனை உண்டு என்று முந்தின வாரம்தான் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். ஆனால் குறிப்பேட்டில் எழுதுவது பரீட்சைக்காக. அதை மூக்கோடு சம்பந்தப்படுத்தும் பழக்கம் எனக்கு இல்லை.

அன்றிலிருந்து விபூதியைப் பொறுப்பாக ஐஸ்பெட்டியில் வைத்துப் பாதுகாத்தேன். மகரந்தத்தை அறையில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். மரத்துக்கு முன்னால் நின்று மகரந்தத்தை மூன்று பட்டையாகப் பூசிக்கொண்டு, விபூதியைப் பூவின் மேல் ஊதினேன். குழாய் அடிக்கடி அடைத்துக்கொண்டது. விஞ்ஞானம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தட்டிவிட்டு ஊதினேன். மரத்துக்குப் போகாத நாளிலும், ஊதும் மாதம் முடிந்த பிறகும்கூட, நெற்றிப் பட்டையை மட்டும் விடவில்லை.

பக்கத்து வரிசையில் பாக்கியம் அக்கா வேலை பார்த்தார். கல்லூரிப் பண்ணையின் கூலியாள்; தோட்டங்களில் பல வருஷம் மகரந்தம் ஊதியவர். இரண்டாம் வாரம் என்னைக் கடந்து போனவர் நின்றார்.

“தம்பி, ஒங்கிட்ட சோம்பு வாட அடிக்குது. காலையிலயே கறி சாப்டியா?”

“கோயில் துன்னூறுக்கா.”

“எந்தக் கோயில்லா அது? சாமிக்கு மசாலாவுல அபிசேகமா?”

படிக்காதவர்களுக்கு வாசனை நுட்பம் தெரியாது என்று மன்னித்துவிட்டேன். சின்னச் சின்ன ஈக்கள் என் நெற்றியைச் சுற்றத் தொடங்கியதையும் ஒரு நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டேன்.

சோதனை நாள் வந்தது. அன்றைக்கு மூன்று பட்டையும் வழக்கத்தைவிடத் தாராளம். மற்றவர்களின் மரங்களில், முள்ளுக்கு நடுவே கறுப்புக் காய்கள் பஸ் பயணிகள் மாதிரி நெருக்கிக்கொண்டிருந்தன. என் முதல் மரத்தில் ஒரு பழைய துடைப்பம் செருகியிருந்த மாதிரி இருந்தது. இரண்டாவதிலும் துடைப்பம். என்சிக் ரஹ்மான் பன்னிரண்டு மரங்களையும் பார்த்தார். எட்டாவதோடு நிறுத்தியிருக்கலாம், நியாயமான மனிதர், நிறுத்தவில்லை.

மீதி மகரந்தத்தைக் கொண்டு வரச் சொன்னார். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். அவர் விரலில் தொட்டுத் தேய்த்தார், மோந்தார், ஒன்றும் பிடிபடாமல் பாக்கியம் அக்காவிடம் நீட்டினார். அக்கா உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தார். கை தானாகப் போய் ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டது.

“துன்னூறு” என்றார்.

அக்கா மெதுவாகத் திரும்பி என் நெற்றியைப் பார்த்தார். கிட்டே வந்து ஒரு தடவை மூச்சை இழுத்தார்.

“மகரந்தம் இங்க நிக்குது.”

பிறகு என்சிக் ரஹ்மானுக்கு மலாயில் விளக்கினார். என் நெற்றியையும் மரத்தையும் மாற்றி மாற்றிக் காட்டியதால் மொழி அதிகம் தேவைப்படவில்லை. அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் தோளைத் தட்டி, என் பிரார்த்தனையை மதிப்பதாகவும், ஆனால் மதிப்பெண் தாளில் அதற்கு இடம் இல்லை என்றும் சொல்லி, பூஜ்யம் போட்டார்.

கம்பெனி வந்த நாளில் நான் நேர்காணல் அறைக்கு வெளியே, உள்ளே போகிறவர்களின் காலுறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வருஷம் செய்முறையைத் திரும்பச் செய்து தேறினேன். அந்த வருஷம் கம்பெனி வரவில்லை. ஈப்போவில் உரம் விற்கப் போனேன். சில வருஷங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். மகரந்தம் சேர்க்கும் வேலை முழுவதையும் அது பார்த்துக்கொண்டது. அதற்கு யாரும் செய்முறைச் சோதனை வைத்ததாகத் தெரியவில்லை.

பூஜ்யம் வாங்கிய சனிக்கிழமை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மரத்துக்குப் போட்ட விபூதியைக் காலில் மிதித்துவிடவில்லையே என்பதுதான் அம்மாவின் கவலை. அப்பா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். முடிவெட்டும் கடைக்கு இனி எந்த முகத்தோடு போவது என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார். (அடுத்த சில மாதங்கள் காது மூடும் அளவுக்கு முடி வளர்த்துக்கொண்டு திரிந்தார். காலத்துக்கேற்ற பாணி என்று தெருவில் நினைத்துக்கொண்டார்கள்.) சாப்பிட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“நெத்தியில எத்தன நாளு பூசுன?”

“ரெண்டு மாசம்பா.”

“தெனமுமா?”

“தெனமும்.”

அப்பா என் நெற்றியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“உள்ள ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கலியேடா.”