வேகமான பகுதியை உடனே அனுப்பவும்

திருநகர், மதுரை.
செவ்வாய்க்கிழமை, காலை மணி 10.20

அன்பு மாப்பிள்ளை சித்தார்த்துக்கு, உன் தாய்மாமன் வெள்ளைத்துரை ஆசி சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகம். மழை இல்லை. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. உன் அத்தை முத்துமீனாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. இங்கிலாந்தில் உனக்குச் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

மூன்று வாரம் முன்பு, நீ சேர்ந்திருக்கும் சர்ச் பாட்டுக் குழு பாடியதைப் பதிவு செய்து அனுப்பி, "மாமா, டெம்போ, சுருதி, மூடு மூணும் சரியா இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாய். கப்பலூர் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்று, யார் எத்தனை வினாடியில் ஒரு நட்டை முறுக்குகிறார் என்று கணக்கெடுத்தவனை மதித்துக் கேட்டாயே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டோடு குறிப்பும் வைத்திருந்தாய். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பிரபுவை அடக்கம் செய்தபோது பாட எழுதியது. முதல் பகுதிக்குச் சுருதி டி மைனர், வேகம் நிமிஷத்துக்கு 72 தட்டு, மூடு சோகம். இரண்டாம் பகுதி டி மேஜர், 132 தட்டு, மூடு ஆனந்தம். அதை இன்னும் பாடிப் பழகவில்லை, அதனால் முதல் பகுதி மட்டும். அங்கேதான் மாப்ள வினை பிடித்தது.

முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்குக் காப்பியைக் குடித்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். வயலின் மாதிரி ஏதோ இழுத்துக்கொண்டே போனது. பிறகு நாற்பது பேரும் ஒரே மூச்சில் வாயைத் திறந்தீர்கள் பார், என் முதுகுத்தண்டு சில்லிட்டது. அப்புறம் ஒரு ஆண்குரல் கூடத்துக்குள்ளேயே, "பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் பேசவில்லை. அப்படியானால் பேசியது யார்? உன் அத்தைக்கு நம் குலசாமி கோயிலில் அம்புட்டு மேளம் அடித்தும் ஒருநாள்கூடச் சாமி வந்ததில்லை. இப்போது சர்ச் பாட்டுக்கு வந்துவிட்டது.

மறுநாளும் வந்தது. சுருட்டு கேட்கிற சாமி பார்த்திருக்கிறேன், சாராயம் கேட்கிற சாமி பார்த்திருக்கிறேன். இது கை வைத்த நாற்காலி கேட்டது. தலைக்கு, அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பிரபுக்கள் மாட்டுகிற வெள்ளைப் பொய்முடி கேட்டது. முடிக்கு எங்கே போக? பாட்டு முடிந்து பார்த்தால் குளிக்கிற வெள்ளைத் துண்டு என் தலையில் காதுவரை தொங்கிக்கொண்டிருக்கிறது. அவள்தான் ஆட்டத்தில் மாட்டியிருக்க வேண்டும். சாமி வருவது அவளுக்கு, தொண்டை கட்டுவதும் முழங்கால் வலிப்பதும் எனக்கு. பிடித்து நிறுத்துகிற அலுப்பு.

கீழ்வீட்டுச் சோணையைக் கூப்பிட்டேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சாமியாடிகள் குடும்பம், விவரம் தெரிந்த மனுஷன். மறுநாள் பாட்டு ஓடும்போது வந்து விபூதியை அள்ளிக்கொண்டு, என் முகத்தையே பார்த்து, "யாருய்யா வந்திருக்கது?" என்று கேட்டார். பொம்பளை முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூச்சம் போலிருக்கிறது. பிறகு என்னைத் தனியாக அழைத்துப்போய், "அண்ணே, வந்த சாமிய மலையேத்தி அனுப்பாம மேளத்த நிப்பாட்டவே படாது. கடைசியில வேகமா ஒரு அடி அடிச்சாத்தான் எறங்கும். இந்தப் பாட்டுல அந்த அடியவே காணோமே" என்றார். அந்த அடிதான் உன் 132. மறுநாள் அவரே ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு வேகமாக அடித்துப் பார்த்தார். "சுருதி சேரல" என்று அந்தக் குரல் எரிந்து விழுந்தது. சோணை வாளியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினவர்தான், படியேறவே இல்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை மாப்ள. நான் ஸ்டாப்வாட்ச் எடுத்தேன். முதல் நாள் 72. அந்த வாரக் கடைசியில் 68. போன வியாழக்கிழமை 57. பாட்டின் நீளம் ஆறு நிமிஷம் பத்து வினாடி என்றுதான் போன் இன்னும் காட்டுகிறது, ஆனால் பாடி முடிக்க ஒன்பது நிமிஷம் ஆகிறது. தொழிற்சாலையில் இப்படிக் குறைந்தால் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று எழுதுவேன். இங்கே என்னவென்று எழுத? சந்தேகப்பட்டு, பிரஷர் பார்க்கிற மெஷினைக் கட்டி உன் அத்தையின் நாடியைப் பார்த்தேன். 57. பாட்டு 54 என்றால் நாடி 54. பாட்டைப் போடாமல் ஒருநாள் இருந்து பார்த்தோம், அன்றைக்கு இரண்டு கூடுதலாக இறங்கியது. இன்று காலை 48. டாக்டர் ஈசிஜி எடுத்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். அவளோ எதுவும் நடக்காததுபோல வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்ள. அவள் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு தம்ளர் இருக்கிற இடம்கூடத் தெரியாது.

ஆகவே உங்கள் குழுத் தலைவரிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல். பழகாவிட்டால் பரவாயில்லை, பிசிறடித்தாலும் பரவாயில்லை, டி மேஜர் பகுதியை 132 தட்டில் பாடி உடனே அனுப்பவும். மூடு ஆனந்தமாக இருக்கட்டும்.

உனக்கும் உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுசு உண்டாகட்டும். உன் அம்மாவிடம் இதைச் சொல்லாதே, அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவாள். படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லி இதை உன் அத்தையிடமே கொடுக்கிறேன். கண்ணாடி இல்லாமல் அவளுக்குப் படிக்க வராது.

இப்படிக்கு,
மாமன் வெள்ளைத்துரை

பி.கு.: சித்தார்த்து, அத்தை எழுதுறேன். கண்ணாடி போட்டுப் படிச்சுட்டேன். பாட்டு மெதுவாகுறது நெசந்தான், நானும் கேக்குறேன். ஆனா சாமி வர்றது எனக்கில்லப்பா, உங்க மாமாவுக்கு. துண்டை மாட்டிக்கிறதும் நாற்காலியில ஒக்காந்து பேசுறதும் அவருதான், குரல் காதுல விழுதே தவிர தாந்தான் பேசுறோம்னு ஞாபகமில்ல. மெஷினையும் அவரு கையிலேயே கட்டிக்கிட்டு என் நாடின்னு எழுதி வச்சுக்கிறாரு. நானும் சோணை அண்ணனும் சொல்லல. எனக்காக இம்புட்டுப் பயப்படுற மனுஷன், தனக்குன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாரு. குழு கூடுற வரைக்கும் காத்திருக்காத. நீ ஒருத்தனா போன்ல பாடி அனுப்புனாப் போதும். அவரு 48ன்னு எழுதுனது காலையில. இப்ப 44.