மஞ்சள் கயிறும் ஈப்போ ஊசியும்

சாமியிடமும் டாக்டரிடமும் ஒரே சமயத்தில் மனுப் போட்டு வைப்பது நம் ஆட்களின் பழக்கம். ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்ற கெட்டிக்காரத்தனம். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் "சரி, இந்தா" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

எண்பதுகளில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தேன். (ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. உட்கார்ந்தே இருப்பதால் புத்திசாலி என்று ஊர் நம்பும்.) கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. என் மனைவி பார்வதி ஈப்போவில் ஒரு டாக்டரம்மாவிடம் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு வந்தாள். அவளுக்குக் கருமுட்டை வளரும், ஆனால் முழுசாகப் பழுத்து வெளியே வராமல் நின்றுவிடும்.

"இந்த மாசம் ஸ்கேன்ல நல்லா வளந்திருந்தா, பழுக்க வைக்கிற ஊசி ஒண்ணு போடுறேன். இதுவும் சரிவரலன்னா மருந்த நிறுத்திடணும்மா, ஒடம்பு தாங்காது" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஸ்கேனுக்காக அந்த வாரம் பார்வதி ஈப்போவில் தன் அக்கா வீட்டில் தங்கினாள். பஸ் ஏறும்போது, "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருந்தா போதும்" என்றாள்.

சும்மா இருப்பேனா? எல்லாக் கஷ்டமும் அவளுக்கே, நான் எதற்கு ஆம்பிளை என்று ஒரு ரோஷம் வந்துவிட்டது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அன்று காப்புக் கட்டு. பிள்ளை வரம் வேண்டிக் காவடி எடுப்பதாகப் பூசாரி முன்னால் கையை நீட்டினேன்.

"யோசிச்சுத்தான் நீட்டுறீங்களா கிராணி? கட்டிட்டா திருவிழா முடியிற வரைக்கும் கவுச்சி இல்ல, கட்டில் இல்ல. சம்சாரம் பக்கமே போகக்கூடாது."

"அவதான் ஊர்லயே இல்லயே லா" என்று பெருமையாகச் சொன்னேன். (அறிவாளி!) மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறியது.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் தாப்பா பஸ்ஸிலிருந்து பார்வதி இறங்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது.

"காலைலயே ஊசி போட்டாச்சுங்க! இன்னைக்கி ராத்திரியும் நாளைக்கி ராத்திரியுந்தான் நேரமாம். அதுக்குள்ள நாம…" என்று வெட்கப்பட்டு நிறுத்தினாள்.

பையை வாங்கக் கையை நீட்டினேன். அவள் பையைக் கொடுக்கவில்லை.

"என்னங்க இது?"

"காப்பு."

"எதுக்கு?"

"பிள்ளை வேணும்னு."

பார்வதி அப்படியே பஸ் ஸ்டாண்டு பலகையில் உட்கார்ந்து அழுதாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது, கட்டிய காப்பை அவிழ்க்க முடியாது. பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, கோயிலுக்கு" என்று முன்னால் நடந்தாள்.

கோயிலில் சாயங்காலப் பூஜைக்கு லயத்து வீடுகள் அத்தனையும் திரண்டிருந்தன. பூசாரியின் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னால அவுக்க முடியாது. பூக்கட்டி அம்மாவையே கேப்போம். வெள்ளப் பூ வந்தா அவுக்கலாம், செவப்பு வந்தா கூடாது. ஆனா எதுக்குன்னு வாய்விட்டுச் சொல்லணும்."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியும். இருந்தாலும் சொல்லணும்."

"அம்மா தாயே… எனக்கு இன்னைக்கி ராத்திரி ஒரு அவசர வேலை…"

"என்ன வேலை கிராணி?" என்று கூட்டத்தில் ஒருவர் அக்கறையாகக் கேட்டார். அந்தக் குளிரிலும் சட்டை நனைந்துவிட்டது.

பெண்கள் பக்கமிருந்து பார்வதி கூப்பிட்டாள். "அம்மா! பிள்ளை குடுன்னு இவரு உன்கிட்ட கேட்டாரு. நீயும் குடுக்கலாம்னு வந்துட்ட. வாங்கிக்க விடாம இந்தக் கயிறு தடுக்குது. நீயே ஒரு வழி சொல்லு!"

கொழுந்தெடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் குலவை போட்டார்கள். "அவுத்து விடு லா பூசாரி!" என்று ஒரு குரல். நான் பூமி பிளக்காதா என்று தரையைப் பார்த்தேன்.

பூசாரி அம்மன் முன்னால் போட்ட இரண்டு பூப்பொட்டலத்தில் ஒன்றைப் பார்வதி எடுத்தாள். வெள்ளை. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அவிழ்த்த காப்பையும் நேர்ந்த காவடியையும் யாராவது ஏற்க வேண்டுமே? பார்வதியின் தம்பி, லோரி டிரைவர் செல்வம் முன்னால் வந்தான். வீட்டு அடுப்பில் காட்டுப்பன்றிப் பிரட்டல் கொதிக்கிறது என்று காலையிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். பச்சைத் தண்ணீரில் குளித்து, பல் கிடுகிடுக்க, "கட்டுங்க பூசாரி" என்றான். என்னைப் பார்த்து, "மாமா, இதுக்கு மேலயும் ஏதாச்சும் சொதப்புனீங்க…" என்றான்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குக் கிளம்புமுன் வரிசையில் நின்ற ஆட்களின் பேர் படித்தேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் என் வெறும் மணிக்கட்டின்மேல்தான். ராத்திரியெல்லாம் அலறும் பக்கத்து வீட்டு ரேடியோ அந்த இரண்டு நாளும் வாயே திறக்கவில்லை. (அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.)

அடுத்த வருஷத் திருவிழாவுக்கு எங்கள் மகள் கைக்குழந்தை. அதிலிருந்து கல்யாணமான எந்த ஆண் கையை நீட்டினாலும், "வீட்ல கேட்டாச்சா?" என்று கேட்காமல் பூசாரி கயிறு கட்டுவதில்லை.

மகளுக்கும் கல்யாணமாகிவிட்டது. தீபாவளிக்கு வந்தால் ஒருமுறையாவது கேட்பாள்: "ஊசி போட்டது டாக்டரம்மா, காவடி எடுத்தது மாமா, வழி கேட்டது அம்மா. நீங்க என்னதான்ப்பா செஞ்சீங்க?"

நான் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். பார்வதிதான் பதில் சொல்வாள்: "சும்மா இருங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். நல்லவேளை, கேக்கல லா."