வெள்ளைச் சாயம்

ஒரு காட்டில், பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அந்தப் பெண்ணின் குடும்பத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டில்தான் விசாரிப்பார்கள். அதனால் அங்கே பெண்ணைப் பெற்றவர்கள் சாமிக்குப் பயந்தார்களோ இல்லையோ, பக்கத்து வீட்டுக்குப் பயந்தார்கள்.

கீரி வடிவாம்பாளின் பொந்துக்குப் பக்கத்துக் குகை, கரடி அன்னக்கொடியுடையது. வடிவாம்பாளின் மகளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் அன்று இரவு தங்குவதாகச் சொன்னதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. நல்லதாக ஒரு போர்வைகூட வீட்டில் இல்லை. இருந்த ஒரு சிவப்புப் பஞ்சுப் போர்வையும் அரைகுறைத் தையலில் கிடந்தது. அன்னக்கொடிதான் இலவம் பஞ்சு வைத்துத் தான் தைத்த வெள்ளைப் போர்வையை இரவல் கொடுத்து மானத்தைக் காப்பாற்றினாள். மாப்பிள்ளை வீட்டார் நன்றாகத் தூங்கி எழுந்து, "வியாழக்கிழமை வந்து விசாரிச்சுட்டு முடிவு சொல்றோம்" என்று கிளம்பினார்கள்.

இரவல் வாங்கியதைத் துவைக்காமல் கொடுத்தால் நாளைக்கு ஒரு பேச்சு வரும். காட்டில் ஆலமரத்தடியில் புதிதாகப் பொதுத் துவைக்கும் மெஷின் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வாரம் ஒரு முறைதான் விடுவார்கள். வரிசையோ அனுமார் வால். தன் முறை வந்ததும், கிடைத்ததை வீணாக்குவானேன் என்று, தைத்து முடித்திருந்த தன் சிவப்புப் போர்வையையும் சேர்த்துத் திணித்தாள் வடிவாம்பாள். அழுக்கு நன்றாகப் போகட்டும் என்று சூட்டுப் பொத்தானையும் அழுத்தினாள்.

பின்னால் நின்ற முள்ளம்பன்றி, "அக்கா, புதுச் சிவப்பு சாயம் விடும். ஈரத் துணியால தேச்சுப் பாத்தீங்களா?" என்றது.

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ உன் முள்ளைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கோ."

மெஷின் நின்றது. வடிவாம்பாள் மூடியைத் திறந்தாள். வெள்ளைப் போர்வை, வெற்றிலை போட்டுத் துப்பிய சுவர் மாதிரி கிடந்தது.

அப்படியே அதைத் தூக்கிக்கொண்டு பச்சோந்தி பத்மாசனியிடம் ஓடினாள். துணியில் நிறம் காப்பது எப்படி என்று செல்போனில் வீடியோ போடுகிறவள் பத்மாசனி. காடே பார்க்கும்.

"முதல்ல உப்புல ஊறப் போடுங்க" என்றாள் பத்மாசனி, பச்சையாக. "அப்புறம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தேய்ங்க" என்றாள், மஞ்சளாக. "கடைசியா கொதிக்கிற தண்ணியில ஒரு முக்கு" என்றபோது பழுப்பாகியிருந்தாள்.

எல்லாம் செய்து முடித்ததும், திட்டுத் திட்டாக இருந்த சிவப்பு பரவி, போர்வை முழுக்க ஒரே ரோஸ் நிறமானது.

"பாத்தீங்களா, திட்டே தெரியல! மறக்காம லைக் போட்டுடுங்க."

புதன்கிழமை சாயங்காலம் வடிவாம்பாள் இரண்டு போர்வைகளையும் சுமந்துகொண்டு குகைக்கு நடந்தாள். 'அக்கா, தப்பு என்னுதுதான். இப்போதைக்கு என் போர்வையை வச்சுக்கோங்க, புதுசு தச்சுத் தர்றேன்' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கதவைத் திறந்த அன்னக்கொடியின் கண்ணில் முதலில் பட்டது மேலே கிடந்த சிவப்புப் போர்வை. "ஐயையோ வடிவு! புதுப் போர்வை இப்படி வெளுத்துக் கிடக்கே! என்னடி ஆச்சு?"

மன்னிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் நாளைக்கு வரப்போகிற வியாழக்கிழமை குறுக்கே விழுந்தது.

"என்ன ஆச்சா? உங்க போர்வையைக் கேளுங்க!" தன் குரலைக் கேட்டு வடிவாம்பாளே திடுக்கிட்டாள். ஆனால் ஆரம்பித்தாகிவிட்டது. "உங்க வெள்ளை சாயம் விட்டு என் சிவப்புல ஏறிடுச்சு!"

"வெள்ளை எங்கயாவது சாயம் விடுமாடி?"

"விடாமத்தான் இது வெளுத்துச்சா? சரி, உங்களுதுல வெள்ளை எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்!"

அன்னக்கொடி தன் போர்வையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வெள்ளை இல்லைதான். இங்கே இருந்த வெள்ளை போய்விட்டது, அங்கே ஒன்று வெளுத்திருக்கிறது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சத்தம் கேட்டுக் கூட்டம் கூடிவிட்டது. விவரம் தெரிந்தவள் என்று பத்மாசனியைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு கண்ணால் கீரியையும் மறு கண்ணால் கரடியையும் பார்த்தாள். யார் குரல் பெரிது என்று தெரிந்ததும் வெளிறிப்போய்ச் சொன்னாள்: "மட்டமான வெள்ளை. இப்போ இதுதான் நிறைய வருது. வெள்ளையை எப்பவும் தனியாத்தான் துவைக்கணும்."

அன்னக்கொடி கூனிக் குறுகிப்போனாள். "மன்னிச்சுக்கோ வடிவு. தெரியாமக் கொடுத்துட்டேன்."

"விடுங்கக்கா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் வடிவாம்பாள், கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் குகை வாசலில் வந்து, "பக்கத்து வீட்டுக் குடும்பம் எப்படிங்க?" என்றார்கள்.

அன்னக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கமான குடும்பம். நான் இரவல் கொடுத்த போர்வை அவளோட புதுப் போர்வையை நாசமாக்கிடுச்சு. அதுக்கு ஒரு ஈடுகூடக் கேக்கல. கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பெண்ணை எடுங்க."

வடிவாம்பாளைக் கூப்பிட்டு அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

நீதி: சாயம் ஏறினால் உடனே பச்சைத் தண்ணீரில் அலசிப் பார். அப்படியும் போகாவிட்டால், போர்வைக்குச் சொந்தக்காரி வாய் திறப்பதற்கு முன் நீ கத்திவிடு.