நான் கூட்டாளியாக்கிய கணவன்

ஒரு சொல்லை மாற்றிப் போட்டால் யாருக்கு என்ன விளங்கப்போகிறது என்று நினைத்திருந்த ஆள் நான். அந்த நினைப்பு என் கலியாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. கல்முனையில் எங்கள் வீட்டு அறைக்குள் இருந்தபடியே, இணையத்தில் வரும் வெளிநாட்டு நாடகங்களுக்குத் தமிழில் எழுத்துப் போடுவது என் தொழில். நடிகர்கள் வேற்று மொழியில் பேசப் பேச, திரையின் அடியில் ஓடுமே, அந்த எழுத்து. "எல்லாம் என்ட மகள் எழுதுறதுதான்" என்று உம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். (கதையே என்னுடையது என்று பாதிப் பேர் நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை.)

அந்த வருடம் ஒரு குடும்ப நாடகம் கிடைத்தது. தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள். மூத்த மகன் இன்னோர் ஆணை மணமுடித்துப் பன்னிரண்டு வருடமாக வாழ்கிறான். வழக்கமாக அப்படிப்பட்டவர்கள் நாடகங்களில் சிரிப்புக் காட்ட வருவார்கள், இல்லாவிட்டால் சாவதற்கு வருவார்கள். இவர்கள் இருவரும் குழாய் ஒழுகுவதற்காகச் சண்டை பிடித்தார்கள். ஒருவன் குறட்டை விட, மற்றவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனான். அச்சாக எங்கள் உம்மாவும் வாப்பாவும்தான். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. "கணவர்" என்று வந்த இடமெல்லாம் "கூட்டாளி" என்று, வெறும் சிநேகிதனாக்கிப் போட்டேன். பதினொரு பாகத்தில் ஒரு கணவர்கூட மிஞ்சவில்லை.

இந்த நேரத்தில்தான், இன்று என் மாமியாக இருப்பவர் சம்மாந்துறையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. அவருடைய உம்மாவுக்கு என்னைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

நானே அவித்த வட்டிலப்ப இனிப்புத் தட்டைப் பவ்வியமாகக் கொண்டுவந்து வைத்தேன். உம்மா அதோடு விடவில்லை.

"மகள்ட வேலையக் கொஞ்சம் பாருங்களன்," என்று டிவியைப் போட்டார். பதினோராம் பாகம்.

மூத்தவனின் கணவன் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். சொந்தக்காரர் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று தாதி வாசலில் மறிக்கிறாள். மூத்தவன் கெஞ்சுகிறான். அடியில் என் எழுத்து ஓடுகிறது: "நான் அவருடைய கூட்டாளி."

"அப்ப தாதி சொல்றது சரிதானே," என்றார் மாமி.

மூத்தவன் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினான். அழுதான், அழுதான், அழுதுகொண்டே இருந்தான்.

"கூட்டாளிக்கா புள்ள இப்பிடி அழுறான்?"

"ஓம் மாமி. சின்னதில இருந்து ஒண்டாப் படிச்சவங்க."

"மறுகா ஏன் ரெண்டு பேர்ட கையிலயும் ஒரே மோதிரம்?"

"அது பழைய மாணவர் சங்கம் குடுத்தது."

(இதைச் சொன்னது நான்தான். வேறு யாருமில்லை.)

அதற்குள் தாய்க்காரி ஓடி வந்து தாதியிடம் ஏதோ சொல்ல, கதவு திறந்தது. மூத்தவன் கட்டிலருகே போய், கணவனின் நெற்றியை நோக்கிக் குனிந்தான். நான் பாய்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் முழங்கை தட்டில் இடித்தது. வட்டிலப்பம் முழுவதும் மாமியின் புதுச்சாரி மடியில் கவிழ்ந்தது.

என் கலியாணம் தொடங்காமலே முடிந்துவிட்டது என்று நின்றேன்.

மாமி மடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அணைந்த திரையைப் பார்த்தார்.

"அந்தாள் பிழைச்சானா?"

"எந்த ஆள் மாமி?"

"அவன்ட புருஷன்."

உம்மாதான் துணியோடு வந்து சாரியைத் துடைத்தபடி பதில் சொன்னார்.

"பிழைச்சிருவான். நான் ரெண்டு தரம் பாத்துட்டன். நல்ல பாகம் எண்டுதான் போட்டன். இவள் சும்மா கூட்டாளி கூட்டாளி எண்டு எழுதிக்கிட்டு இரிக்காள். குழாய்க்குச் சண்டை பிடிக்கக்குள்ளயே எனக்கு விளங்கிட்டு."

"நம்மட மார்க்கத்தில இல்லாத விசயம், அது வேற கத," என்றார் மாமி. "ஆனா அப்பிடி அழுற மனிசன வாசல்ல மறிக்கலாமா? நீ உள்ளத எழுதியிருந்தா அந்தத் தாதிக்கு நான் ஏசியிருப்பன். உன்னால அவள்ட பக்கம் கதைச்சிட்டன். போட்டு விடு, மிச்சத்தையும் பாப்பம்."

போட்டேன். நெற்றியில் முத்தம் விழுந்தது. வீடு இடிந்து விழவில்லை. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியில் கிடந்த வட்டிலப்பத்தில் அழுக்குப் படாத துண்டை எடுத்துச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் முழுக்க இருந்து பதினொரு பாகத்தையும் திருத்தினேன். மூன்றாம் மாதம் நிக்காஹ் நடந்தது.

இப்போதும் மாமி வீட்டுக்குப் போனால், டிவி போடுமுன் என்னைப் பிளக்குக்கு எட்டாத கதிரையில் உட்கார வைப்பார்கள். புதிதாக வந்த யாராவது காரணம் கேட்டால் நான் வாயைத் திறப்பேன். மாமி விடமாட்டார்.

"நீ இரி புள்ள, மாத்திச் சொல்லுவாய்," என்று அவரே தொடங்கிவிடுவார்.