மாவு பொங்கிய பல் கிளினிக்

பல் டாக்டரை யாருக்கும் பிடிக்காது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார்கள். அப்படிப்பட்ட நான், எழுதி எழுதியே ஊர் ஜனங்களின் அன்பைச் சம்பாதித்து, அப்படியே அவர்களை என் நாற்காலியில் சாய்த்துவிடலாம் என்று நம்பினேன் பாருங்கள், இன்று நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

புனேயில், வாகட் என்கிற பகுதியில் கிளினிக் திறந்த புதிது. ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். (கண்ணாடிக் கதவு என்பதால் உண்மையில் ஈயும் வரவில்லை.) ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டரோடு குடும்பம் நடத்தும் என் கணவர் சரவணன்தான் வழி சொன்னார்.

"தமிழ்ல பிளாக் எழுது. நம்மாளுங்க இங்க எவ்வளவு பேர் இருக்காங்க. படிச்சுப் பழகிட்டா வேற யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டாங்க."

எழுதினேன். ஈறு வீக்கம், பல் கூச்சம், வாய் நாற்றம் என்று விழுந்து விழுந்து எழுதினேன். படித்தவர் சரவணன் ஒருவர்தான். அவரும் பாதியில் தூங்கிவிடுவார்.

பிறகு, பல் பிடுங்கியவர்கள் என்ன சாப்பிடலாம் என்று ஒரு பதிவு போட்டேன். இட்லி என்று எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? 'புனே குளிரில் மாவு எங்கே பொங்குகிறது? நானெல்லாம் கிளினிக்கில் கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்கிற மெஷின் இருக்கும் அறையில், ஓரமாக வைத்துவிடுவேன். சாயங்காலத்துக்குள் பொங்கிவிடும்' என்று பீற்றிக்கொண்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. பாணேரிலிருந்தும் சிஞ்ச்வட்டிலிருந்தும் பின்னூட்டங்கள் குவிந்தன. பல்லைப் பற்றி ஒரு ஜீவன் கேட்கவில்லை. வெந்தயம் எவ்வளவு போடணும், கையால் கரைக்கலாமா, உப்பை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, இதுதான் பேச்சு. சிஞ்ச்வட் மீனாட்சி அக்கா ஒரு படி மேலே போய், தூக்குச்சட்டியோடு நேரிலேயே வந்துவிட்டார். ஓரமாக வைத்துவிட்டுச் சாயங்காலம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். என் ஒவ்வொரு பதிவுக்கும் 'அருமை' போடுகிற மகராசி. எப்படி மாட்டேன் என்பது?

கொஞ்ச நாளில் பாத்திரங்கள் வரிசை கட்டின. வருகிறவர்களிடமெல்லாம் அப்படியே பல்லையும் காட்டிவிட்டுப் போகச் சொல்வேன். அடுத்த வாரம் பார்க்கலாம் டாக்டர் என்று வாயைத் திறக்காமலே சொல்லிவிட்டு ஓடுவார்கள். விசுவாசமான கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்கில்லை, என் அறைச் சூட்டுக்கு.

அப்போதுதான் ஒரு கம்பெனி, தன் ஊழியர்களை எல்லாம் என்னிடமே அனுப்பலாமா என்று பார்த்து வர ஓர் அதிகாரியை அனுப்புவதாகச் சொன்னது. அது அமைந்தால் கிளினிக் பிழைக்கும். அமையாவிட்டால் இழுத்து மூடிவிட்டு, வேறு யாரிடமாவது வேலைக்குப் போகவேண்டியதுதான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கருவிகள் பளபளக்க வேண்டுமென்று காலையிலிருந்து மெஷினை நிறுத்தாமல் ஓடவிட்டேன். அன்றைக்கு வந்த மாவுப் பாத்திரங்கள் அவர் கண்ணில் படக்கூடாதே என்று அந்த அறையை இறுக்கிச் சாத்திப் பூட்டினேன். (படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிருந்ததோ.)

அதிகாரி மராட்டிக்காரர், தன்மையான மனிதர். எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். தனக்குச் சுத்தம்தான் முக்கியம் என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். பூட்டிய கதவுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று, குமிழ் விட்டுக்கொண்டு, அவருடைய ஷூவை நோக்கி நிதானமாக வந்துகொண்டிருந்தது.

பல்லுக்கு அச்சு எடுக்கிற கலவை என்று கூசாமல் புளுகினேன். அவர் குனிந்து மோந்து பார்த்தார். சரியாக அந்த நேரம் பார்த்து மீனாட்சி அக்கா உள்ளே வந்தார். தரையைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"என்னுதாத்தான் இருக்கும் டாக்டரம்மா. புது உளுந்து. இட்லி பஞ்சா வரும் பாருங்க."

மற்றதெல்லாம் புரியாவிட்டாலும் இட்லி என்பது அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. காலை அகட்டி அகட்டி வைத்து வெளியே போய்விட்டார்.

அறைப் பூட்டைத் திறந்துவிட்டு, நோயாளிகள் நாற்காலியில் நானே விழுந்து, விக்கி விக்கி அழுதேன். கிளினிக்கை மூடப்போகிறேன் என்று சொன்னேன். பாத்திரம் எடுக்க வந்தவர்களெல்லாம் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்கள். மீனாட்சி அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிட்டே வந்தார்.

"எந்திரிங்க டாக்டரம்மா. அது உங்க சேர் இல்ல, என்னுது."

ஏறிப் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயைத் திறந்தார். கடைவாயில் பெரிய பொந்து. எத்தனை காலம் வலியைப் பொறுத்திருந்தாரோ. அவருக்குப் பின்னால், மாவுப் பாத்திரமும் கையுமாக ஒரு வரிசை நின்றது. சரவணன் வந்து தரையைத் துடைத்து முடிக்கும் வரை நான் பல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக் பிழைத்தது. மாவுக்கென்று வாசல் பக்கம் தனியாக ஒரு வெதுவெதுப்பான அலமாரி செய்து வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் போன் அடித்தாலும் சரவணன் கேட்கிற முதல் கேள்வி, "பல்லா, மாவா?" என் அம்மா கூப்பிட்டாலும் அதேதான்.

ஒரு நாள் அந்த அதிகாரியே கூப்பிட்டார். சரவணன் பழக்கதோஷத்தில் அவரிடமும் இந்தியில் அதையே கேட்டுத் தொலைத்தார்.

மனிதர் சளைக்காமல், "இரண்டும்" என்றாராம்.