ஏழாவது கட்டத்தில் நிறத்தைக் குறிப்பிடவும்

தண்ணீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். வளர்ந்த பிறகு ஜனங்கள் அதை மறந்துவிடுகிறார்கள். அவ்வப்போது நினைவூட்டுவதற்காகவே காஞ்சிபுரத்தில் எங்கள் குடிநீர் நல்லிணக்க வாரியம், மக்கள் தொடர்பு அலுவலர் என்று ஒருவரை நியமித்திருக்கிறது. அந்த ஒருவர் நான். பெயர் பூவராகவன். வீடு செவிலிமேட்டில்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரும்படி தலைமையகம் கேட்டிருக்கிறது. 'பிள்ளையார்பாளையம் வழிமுறை' என்று பயிற்சி வகுப்பில் பாடமாகவே வைத்துவிட்டார்களாம். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தைப் பாடத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிற சங்கரி என்ற பெண் என் அறைக்குள் வந்தாள். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சார், இது எங்க தெரு குழாயில காலைல புடிச்சது."

நான் பாட்டிலைப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால், பிற்பாடு பார்க்கவில்லை என்று சொல்வது சிரமம். புதிதாக வருகிறவர்கள் இதை முதலில் பழகிக்கொள்ள வேண்டும்.

"எத்தனை நாளா வருதும்மா?"

"ஆறு நாளா வந்துக்கினு இருக்குது சார். எம் பொண்ணுக்கு ரெண்டு வயசு. காய்ச்சி ஆறவெச்சுத்தான் குடுத்தேன். அப்பவும் மூணு நாளா வயித்தால போவுது. மொதல்ல தண்ணிய மாத்துன்னு டாக்டரு சொல்றாரு. குழாய எப்ப சார் சரி பண்ணுவீங்க?"

"புகார் குடுத்தாச்சா?"

"தெருவே குடுத்துச்சு சார். நாப்பத்திரண்டு பேரு."

நாற்பத்திரண்டு படிவங்களும் என் மேஜையில்தான் இருந்தன. இங்கே வாரியத்தின் விதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே மாதிரியான புகார் பத்து வந்தால் பொறியாளர் மறுநாளே பள்ளம் தோண்டிக் குழாயைப் பார்த்தாக வேண்டும். நல்ல விதி. அது நல்ல விதியாக இருந்ததால்தான் படிவத்தில் ஏழாவது கட்டத்தை நான் சேர்த்தேன்: 'தண்ணீரின் நிறம் (தெளிவாகக் குறிப்பிடவும்)'. மறுப்பு அறிக்கை எழுதுகிறவனுக்கு எதை மறுக்கிறோம் என்பதாவது தெரிய வேண்டாமா?

வேறு ஊராக இருந்தால் நாற்பத்திரண்டு பேரும் 'சிவப்பு' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். பொறியாளரும் மண்வெட்டியோடு கிளம்பியிருப்பார். பிள்ளையார்பாளையத்தில் அப்படி எழுத யாருக்குக் கை வரும்? ஒருவர் 'பாக்கு' என்று எழுதியிருந்தார். அடுத்த வீட்டுக்காரர் 'மிளகாய்ப்பழம்'. ஒருவர் 'மாதுளை முத்து, கொஞ்சம் வெளுத்தது'. இன்னொருவர் 'நிழலில் வெங்காயத்தோல், வெயிலில் ரோஜா'. எழுபது வயது நெசவாளர் ஒருவர் நீளநூலுக்கு ஒரு நிறம், குறுக்குநூலுக்கு ஒரு நிறம் என்று பிரித்து 'பாவு அரக்கு, ஊடை மஞ்சள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். ஆக, வந்திருந்தது ஒரு பிரச்சினையைப் பற்றிய நாற்பத்திரண்டு புகார்கள் அல்ல. நாற்பத்திரண்டு பிரச்சினைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு புகார்தான். விதிப்படி எதற்கும் நடவடிக்கை கிடையாது.

இதைச் சங்கரிக்குப் பொறுமையாக விளக்கினேன்.

"கலர் எதுவா இருந்தா இன்னா சார்? புள்ள குடிக்கிற தண்ணி சார் அது!"

"நீ என்ன எழுதியிருக்கேன்னு பாரும்மா," என்று அவள் படிவத்தை எடுத்துக் காட்டினேன். 'சந்தனம் பட்ட குங்குமம்' என்று இருந்தது.

அவள் பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அப்படித்தான சார் இருக்குது," என்றாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பத்து பேர் ஒரே கலரா எழுதிக் கொண்டாங்க. நாளைக்கே தோண்டிடலாம்."

அன்றிலிருந்து பதினைந்து நாள் சங்கரி வீடு வீடாக ஏறி இறங்கினாள். 'அரக்கு'ன்னே எழுதுங்க என்று கெஞ்சினாளாம். "கண்ணு தெரிஞ்சவன் எவனாவது இத அரக்குன்னு சொல்வானா? நாளைக்கு நாலு பேரு சிரிக்க மாட்டான்?" என்று திருப்பி அனுப்பினார்களாம். எனக்கு அந்தப் பதினைந்து நாளும் ஒரு வேலையும் இல்லை.

இதற்குள் ஒரு பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்துவிட்டது. வாரியத் தலைவர் பதறிப்போய்ச் சென்னையிலிருந்து சுகாசினி என்ற நற்பெயர் ஆலோசகரை வரவழைத்தார். அந்த அம்மையார் வந்ததும் முதல் காரியமாக என் மறுப்பு அறிக்கையை வாசித்துச் சிரித்தார்.

"இன்னும் மறுத்துட்டு இருக்கீங்களா சார்? அதெல்லாம் போன தலைமுறை. பிரச்சினைன்னு சொல்லாதீங்க, அனுபவம்னு சொல்லுங்க. நாம பேசக் கூடாது. ஜனங்களைப் பேச விடணும். அவங்க எதைப் பேசணுங்கறதை மட்டும் நாம முடிவு பண்ணணும்."

இருபது வருட அனுபவமுள்ள நான் எழுந்து நின்று கேட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் 'நிறம் அறிவோம்' என்று மக்கள் கலந்துரையாடல். மேடையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஐந்து கண்ணாடித் தம்ளர்களில் குழாய்த் தண்ணீர். வந்தவர்களுக்குக் குடிக்கத் தனியாக கேன் தண்ணீர் ஏற்பாடு செய்திருந்தோம். தெருவே வந்திருந்தது.

குமரன் என்ற நெசவாளர்தான் முதலில் எழுந்தார். "இது பாக்குதான். அதுவும் சரியாப் புடிக்காத பாக்கு. எவனோ அரைகுறையாச் சாயம் போட்டிருக்கான்."

பின்வரிசையில் நாற்காலி ஒன்று கீழே விழுந்தது. எழுந்தவர் கலியாணசுந்தரம். அந்தத் தெருவின் தலைமாட்டில் சாயப்பட்டறை வைத்திருப்பவர்.

"இன்னாபா சொன்ன? அரைகுறையா? வாய அளந்து பேசு!" என்று வெளியே போனார். ஐந்தே நிமிடத்தில் பட்டு நூல் கட்டு ஒன்றோடு திரும்பி வந்தார். மேடையேறித் தம்ளருக்குப் பக்கத்தில் நூலைப் பிடித்தார்.

"எல்லாரும் கிட்ட வந்து பாருங்க. சாயத்தொட்டில மூணு முக்கு போட்ட அரக்கு. இந்த அரக்கு எங்கப்பா காலத்துலருந்து எம் பட்டறைல மட்டுந்தான் விழும். வேற எவன் பட்டறைலயாவது விழுந்திச்சுன்னா மீசைய எடுத்துடறேன்!"

ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். நூலும் தண்ணீரும் ஒன்றாகவே இருந்தன. குமரன் கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கோங்கண்ணே, தப்புதான்," என்றார். மண்டபம் கைதட்டியது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

கைதட்டல் ஓய்ந்ததும் சங்கரி எழுந்தாள். இடுப்பில் குழந்தை துவண்டு தோளில் சாய்ந்திருந்தது.

"அப்படின்னா உங்க பட்டறை கழிவுதான மாமா எங்க குழாயில வந்துக்கினு இருக்குது?"

கலியாணசுந்தரம் நூல் கட்டைக் கீழே வைக்கவில்லை. "சங்கரி, இப்ப கலரப் பத்திப் பேசிக்கினு இருக்கறோம். நடுவுல வேற பேச்சக் கொண்டாராத," என்றார். ஆமாம் ஆமாம் என்று கூட்டமும் அவளை உட்காரச் சொன்னது.

நாற்பத்திரண்டு பேரும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டார்கள். இனிப் பொறியாளர் தோண்டித்தான் ஆக வேண்டும். அப்போதுதான் சுகாசினி அம்மையார் மைக்கைக் கையில் எடுத்தார்.

"உலகத்துல எந்த ஊர்லயாவது குழாயைத் திறந்தா அந்த ஊரோட கலை கொட்டுமா? இனிமே இந்த நிறத்துக்குப் பேரு 'குழாயடி அரக்கு'!"

ஒரே மாதத்தில் குழாயடி அரக்கின் புகழ் எங்கோ போய்விட்டது. கல்யாணப் பெண்கள் ஒரு கையில் புடவை முந்தானையும் மறு கையில் குழாய்த் தண்ணீர்த் தம்ளருமாக வீடியோ எடுத்துப் போட்டார்கள். குழாயடியில் படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. சென்னைக் கடைகளிலிருந்து பிள்ளையார்பாளையத்தில் எல்லாத் தறிக்கும் ஆர்டர் வந்தது. சங்கரி தறியிலும் அதே பாவுதான். தறியைச் சும்மா போட்டால் அடுப்பு எரியாது அல்லவா?

பதிவேட்டில் நாற்பத்திரண்டு நிறத்தையும் ஒன்றாகத் திருத்தி முடித்த மறுநாள், விதி விதிதான் என்று பொறியாளர் ஆட்களோடு போய் இறங்கினார். தெருவே திரண்டு அவரைத் தடுத்தது.

"குழாய மூடிட்டா நாங்க எதப் பாத்துக் கலர் சேக்கறது சார்?"

"தண்ணி தெளிஞ்சுடுச்சுன்னா ஆர்டர் போச்சு சார். கடைக்காரன் தம்ளர்ல புடிச்சுப் பாத்துத்தான் எடுக்கறான்."

அன்று மாலையே நாற்பத்தொரு பேர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மிச்சமிருந்தது சங்கரியின் புகார் மட்டும். ஒற்றைப் புகாருக்கு நடவடிக்கை இல்லை. இளைஞர்கள் அடிக்கோடிட வேண்டிய இடம் இதுதான். பாதிக்கப்பட்டவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. பாதிப்பில் அவனுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட வேண்டும். எனக்குப் பதவி உயர்வு வந்தது. என் நாற்காலிக்குப் பொன்னி என்ற பெண் வந்தாள். நானே கூட உட்கார்ந்து பழக்கினேன். கெட்டிக்காரப் பெண்.

சங்கரி அதன் பிறகு அலுவலகம் வரவில்லை. சைக்கிளில் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு, தினமும் காலையில் செவிலிமேடு வரை வந்து, என் வீட்டு வாசலுக்கு எதிரே உள்ள தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துப் போனாள். அந்தத் தண்ணீர் குடித்துக் குழந்தைக்குச் சரியாகிவிட்டதாக என் மனைவி கிருஷ்ணவேணி கேட்டு வந்து சொன்னாள். சங்கரி வரும் நேரத்துக்கு நான் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துப் படிப்பேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பத்து நிமிட வெட்கம். குடம் நிறைந்ததும் போய்விடும்.

தை மாதம் ஒரு காலையில் எங்கள் குழாயும் சிவந்தது. ஐந்து மாதமாகத் தொடாமல் விட்ட குழாய் உடைப்பில் புகுந்த சாயக்கழிவு தெருத் தெருவாகத் தாண்டி எங்களிடம் வந்துவிட்டதாகப் பொறியாளர் சொன்னார்.

நான் நேரே வாரியத்துக்குப் போய்ப் படிவம் வாங்கினேன். ஏழாவது கட்டத்தில் 'சிவப்பு' என்று எழுதினேன். பொன்னி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தெளிவாக் குறிப்பிடணும் சார்," என்று திருப்பிக் கொடுத்தாள். எங்கள் தெருவில் மற்றவர்கள் எழுதியதையும் வாங்கிப் பார்த்தேன். 'மெரூன்', 'பிங்க்', 'டீ மாதிரி', 'ஒரு மாதிரி'. தறியைக் கண்ணால் பார்க்காத ஜனங்கள். 'அரக்கு' என்று எழுதிவிடலாம் என்று என் மனைவி தன் புது குழாயடி அரக்குப் புடவையைக் கொண்டுவந்து தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்தாள். பக்கத்து வீட்டு அங்கம்மாளும் தன்னுடையதைக் கொண்டுவந்தாள். ஒரே கடையில் வாங்கிய இரண்டும் இரண்டு நிறமாக இருந்தன. யாருடையது அசல் என்று சண்டை வந்துவிட்டது.

அந்த நேரத்தில் சங்கரி சைக்கிளை நிறுத்தினாள். நான் செய்தித்தாள் இல்லாமல் அவள் முன்னால் போய் நின்றேன்.

"சங்கரி, நீதாம்மா சொல்லணும். இது என்ன கலர்? நீ சொல்றதையே நாங்க பத்து பேரும் எழுதிடறோம்."

அவள் உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து வெயிலில் காட்டினாள். சண்டை போட்டவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் தண்ணீரைக் கீழே விட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா கலருன்னு எனக்குத் தெரியும் சார். சொன்னா, அப்பாலிக்கா அதுக்கும் ஒரு பேரு வெச்சுப் பொடவையாக்கிடுவீங்க. நேத்து வரைக்கும் இது தண்ணி கலர்ல இருந்திச்சு. அத எழுதுங்க."

காலிக் குடங்களை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு, முசரவாக்கம் பக்கம் ஏதாவது குழாய் இருக்கும் என்று சைக்கிளை மிதித்துப் போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் நாங்கள் பத்து பேரும் ஏழாவது கட்டத்தில் 'தண்ணீர் நிறத்தில் இல்லை' என்று ஒரே மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். மறுநாள் மாலை பத்தும் திரும்பி வந்தன. தண்ணீர் நிறம் என்று ஒரு நிறம் வாரியத்தின் பதிவேட்டில் இல்லை என்று பொன்னி சிவப்பு மையில் அழகாக எழுதியிருந்தாள்.